நிற்பதற்கான சக்கரம்: கிடர்பூர்த் தள்ளுவண்டியின் வரலாறும் வடிவமும்

வங்காள மொழியில் அதற்கு 'டேலா காடி' என்று பெயர், தமிழில் தள்ளுவண்டி. 'டேலா' என்னும் வங்காளச் சொல்லுக்கும் தள்ளுதல் என்பதே பொருள். வேறு வேறு மொழிக்குடும்பங்களைச் சேர்ந்த இரு மொழிகள் ஒரே வினையைக் கொண்டு ஒரே பொருளுக்குப் பெயரிட்டுள்ளன. வண்டியின் வடிவத்தையோ அது சுமக்கும் பண்டத்தையோ இப்பெயர் குறிப்பதில்லை. அதனை நகர்த்தும் செயலையே குறிக்கிறது.

ஆனால் கொல்கத்தாவின் துறைமுகப் பகுதியான கிடர்பூரில், தேநீரும் உணவும் விற்கும் வண்டிகளுள் பல நாளின் பெரும்பகுதியை நின்ற இடத்திலேயே கழிக்கின்றன. கடை திறக்கையில் ஒரு முறையும் மூடுகையில் ஒரு முறையும் நகர்ந்தால் அதிகம். சில வண்டிகளின் சக்கரங்களுக்கு அடியில் செங்கல் வைத்து நகராமல் நிறுத்தியிருப்பார்கள். நகர்வதே இல்லையெனில் சக்கரம் எதற்கு? பெட்டிக்கடையாகவே கட்டிவிடலாமே?

இக்கேள்விக்கான விடை பட்டறையில் பாதியும் சட்டப் புத்தகத்தில் பாதியுமாகக் கிடைக்கிறது. அவ்விரண்டையும் சேர்த்து வாசித்தால், தள்ளுவண்டி என்பது கொல்கத்தாத் தெருவின் நூறாண்டுப் பூசலில் உருவான ஒரு கட்டுமானம் என்பது புலப்படும்.

1. சொற்களின் நகர்வு

முதலில் விற்பவரின் பெயரைப் பார்ப்போம். வங்காளத்திலும் இந்தியிலும் வழங்கும் பழைய சொல் 'ஃபேரிவாலா'. 'ஃபேரி' என்பது சுற்றி வருதல். எனவே ஃபேரிவாலா சுற்றி வந்து விற்பவர். இன்று கொல்கத்தாவில் பெருவழக்காக உள்ளது 'ஹாக்கர்' என்னும் ஆங்கிலச் சொல். இச்சொல்லும் இயக்கத்தோடு தொடர்புடையதே. இங்கிலாந்தின் 1871-ஆம் ஆண்டுப் பெட்லர் சட்டமும் 1888-ஆம் ஆண்டு ஹாக்கர் சட்டமும் இரண்டு வணிகரை வேறுபடுத்தின. குதிரையோ வேறு பொதிவிலங்கோ இன்றிக் கால்நடையாகச் சென்று விற்பவர் பெட்லர். குதிரையோடோ பொதிவிலங்கோடோ சென்று விற்பவர் ஹாக்கர். அதாவது சட்டத்தின் கண்ணில் ஹாக்கரை ஹாக்கர் ஆக்கியது அவர் எதைக் கொண்டு நகர்கிறார் என்பதே.

அதே சொல் கொல்கத்தாவில் ஏறத்தாழ எதிர்ப்பொருளை அடைந்துவிட்டது. இங்கு ஹாக்கர் என்றவுடன் நடைபாதையில் ஓரிடத்தைப் பிடித்து அமர்ந்திருப்பவரே நினைவுக்கு வருகிறார். அவரது கடையின் மிக எளிய வடிவம் 'டாலா', அதாவது தட்டு அல்லது கூடை. அதற்கடுத்தது 'குமுட்டி' எனப்படும் சிறு கூண்டுக்கடை. தட்டு, கூண்டு, வண்டி ஆகிய மூன்றும் ஒரே நடைபாதையில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆயினும் மாநகராட்சியின் வண்டி வந்து நிற்கும்போது இம்மூன்றும் ஒன்றல்ல. தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடலாம். வண்டியைத் தள்ளிக்கொண்டு போகலாம். கூண்டு மட்டும் அங்கேயே அகப்பட்டுக்கொள்ளும்.

தமிழிலும் இத்தகைய ஒரு பெயர் உண்டு. 'கையேந்தி பவன்' என்னும் கேலிப்பெயர் உட்கார இடமின்மையைச் சுட்டுகிறது. உண்பவர் தட்டைக் கையில் ஏந்தி நிற்கிறார். தள்ளுவண்டி என்பது விற்பவரின் உழைப்பை வைத்தும், கையேந்தி பவன் என்பது உண்பவரின் நிலையை வைத்தும் இடப்பட்டவை. இரண்டிலும் இடம் என்ற ஒன்று இல்லை. அவ்வின்மையே இவ்வணிகத்தின் இலக்கணம்.

2. கிடர்பூர் என்னும் இடம்

கிடர்பூரின் பெயருக்கு இரு விளக்கங்கள் வழங்குகின்றன. இங்குக் கப்பல் கட்டும் தளம் வைத்திருந்த ஜேம்ஸ் கிட் என்பவரின் பெயரால் அமைந்தது என்பது ஒன்று. நீர்வழிப் பயணிகளைக் காப்பவராக நம்பப்படும் க்வாஜா கிஜிரின் பெயரால் அமைந்தது என்பது மற்றொன்று. வங்காள வடிவமான 'கிதிர்பூர்' இரண்டாவது விளக்கத்துக்கே அணுக்கமானது. நாராயண்கஞ்சுக்கு அருகே கிஜிர்பூர் என்னும் பழைய கோட்டை ஊர் ஒன்று இருப்பதும் அதற்குத் துணை நிற்கிறது. ஆங்கில எழுத்துக்கூட்டலே கிட் குடும்பத்தை ஊர்ப்பெயருக்குள் இழுத்து வந்திருக்கக்கூடும்.

பெயர் எவ்வாறாயினும் இன்றைய கிடர்பூரை ஆக்கியவை துறைமுகமும் சாலையுமே. கல்கத்தாத் துறைமுக ஆணையம் 1870-இல் அமைந்தது. கிடர்பூரின் கப்பல்துறைகள் 1890-களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தன. சரக்கேற்றி இறக்கும் வேலைக்குக் கடிகார ஒழுங்கு கிடையாது. கப்பல் வரும் நேரத்தில் வேலை. வேலை முடியும் நேரத்தில் உணவு. வீட்டிலிருந்து தொலைவில், பெரும்பாலும் குடும்பமின்றி வாழ்ந்த உழைப்பாளிகளுக்கு எந்நேரமும் மலிவாகக் கிடைக்கும் சமைத்த உணவு தேவைப்பட்டது. உணவகம் கதவை மூடிய பின்னும் திறந்திருக்கக்கூடியது வண்டியே.

அடுத்தது டிராம். கொல்கத்தாவின் முதல் மின்சார டிராம் 1902 மார்ச் 27 அன்று எஸ்பிளனேடிலிருந்து கிடர்பூருக்கு ஓடியது. டிராம் நின்ற இடங்களில் மக்கள் காத்திருந்தனர். காத்திருப்பவர் இருக்கும் இடத்தில் விற்பவரும் நிற்பார். 2020 மே மாதத்தில் வீசிய அம்பன் புயலுக்குப் பின் கிடர்பூர் டிராம் மீண்டும் ஓடவில்லை. ஜோகா–எஸ்பிளனேடு மெட்ரோத் தடத்தில் இங்கு ஒரு நிலத்தடி நிலையம் திட்டமிடப்பட்டு, அதன் பணிகள் தொடங்கியுள்ளன. போக்குவரத்து மாறும்போதெல்லாம் கூட்டம் திரளும் புள்ளி சில பத்து மீட்டர்கள் இடம் மாறும். அப்புள்ளியைப் பின்தொடரக் கூடியது சக்கரமுள்ள கடை மட்டுமே.

மேற்கே மெட்டியாபுருஜ். 1856-இல் அவத் அரசை இழந்து வந்த நவாப் வாஜித் அலி ஷா 1887-இல் இறக்கும்வரை அங்கு வாழ்ந்தார். உருளைக்கிழங்கு சேர்ந்த கொல்கத்தா பிரியாணியின் பிறப்பை அவரது அடுக்களையோடு இணைத்துப் பேசுவது மரபு. கப்பலோட்டிகள் வழியாக வந்த வெளிநாட்டுப் பொருள்களால் பெயர்பெற்ற ஃபேன்சி மார்க்கெட்டும் இப்பகுதியிலேயே உள்ளது. துறைமுக உழைப்பாளி, நவாபின் வழிவந்த சமையற்காரர், பொருள் வாங்க வரும் வெளியூரார் ஆகிய மூவரும் சந்திக்கும் சாலை இது. ரமலான் மாதத்து மாலைகளில் ஹலீம் அண்டாக்கள் இங்குத் தெருவுக்கு வந்துவிடும்.

3. உணவே வண்டியை வரைகிறது

தெருவுணவு வண்டிக்கு வரைபடக் கலைஞர் இல்லை என்பது தோற்றமயக்கம். விற்கப்படும் உணவே அதன் முதல் வரைபடக் கலைஞர்.

மிகக் குறைந்த கட்டுமானம் வேண்டுவது ஜால்முரி. பொரி, கடலை, மிளகாய், கடுகெண்ணெய் ஆகியவற்றை வைக்கும் சிறு தகரப் பாத்திரங்களை ஒன்றாகக் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டால் கடை ஆயிற்று; நெருப்பும் வேண்டா, சக்கரமும் வேண்டா. அடுத்தது புச்கா. பிரம்பால் முடைந்த உயரமான இருக்கை போன்ற தாங்கியும் அதன்மேல் வைக்கும் கூடையும் போதும். இரண்டையும் ஒருவரே சுமந்துவிடலாம். நெருப்பு சேர்ந்தவுடன் வண்டி தேவையாகிறது. எண்ணெயில் பொரிக்கும் தேலேபாஜாவுக்கும் தேநீருக்கும் அடுப்பு வேண்டும். பிரியாணிக்கு மறுதலையான சிக்கல்: உணவு வேறிடத்தில் சமைக்கப்பட்டு, சிவப்புத் துணி சுற்றிய பெரிய அண்டாவில் வருகிறது. அங்கு வண்டியின் வேலை சூடு காப்பதும் எடை தாங்குவதுமே.

கொல்கத்தாவின் மரபான பெயர்த்தகு அடுப்பு 'தோலா உனுன்'. 'தோலா' என்றால் தூக்கியெடுத்தது. உனுன் என்றால் அடுப்பு. இரும்பு வாளிக்குள் களிமண் பூசிக் கம்பித்தட்டு வைத்துச் செய்யப்படும் நிலக்கரி அடுப்பு இது. அடுப்பே பெயரளவில் நகரும் தன்மை பெற்றுவிட்டது. நிலக்கரியின் இடத்தை எரிவாயு பிடித்தபோது வண்டியின் உடலும் மாறியது. வாளியடுப்பைத் தரையில் வைக்கலாம். சிலிண்டருக்கு வண்டியின் அடியில் அடைப்பில்லாத, காற்றோட்டமுள்ள அறை வேண்டும். அடுப்பின் தழலுக்கும் சிலிண்டருக்கும் இடையில் தகரத் தடுப்பு வேண்டும். அடைப்பான தட்டுகளுக்குள் சிலிண்டரை மறைத்தால் பார்வைக்கு ஒழுங்காக இருக்கும். ஆனால் காற்றைவிடக் கனமான சமையல் எரிவாயு கசிந்தால் அதே அறையின் அடியில் தேங்கிவிடும்.

எடைக் கணக்கு எளியது. வணிகச் சிலிண்டரில் வாயு மட்டும் 19 கிலோ. உருளையின் எடையும் ஏறத்தாழ அதே அளவு. 20 லிட்டர் தண்ணீர்க் கேன் இரண்டு வைத்தால் 40 கிலோ. மாவு, எண்ணெய், கல், பாத்திரம் சேர்ந்தால் வண்டியின் சொந்த எடையைச் சேர்க்காமலே நூறு கிலோவைத் தாண்டிவிடும். இவ்வெடையை ஒருவர் தள்ள வேண்டுமெனில் சுமை அச்சின்மேல் சமநிலையில் அமர வேண்டும். இருசக்கர வண்டியில் சிலிண்டர் முன்னால் சாய்ந்தால் கைப்பிடி மேலெழும். பின்னால் சாய்ந்தால் தள்ளுபவரின் முதுகு அதனைத் தாங்கும். நான்கு சக்கரம் வைத்தால் சமநிலை எளிது. ஆனால் நான்கும் ஒரே திசையில் பூட்டப்பட்டிருந்தால் திருப்பத்தில் வண்டியைத் தூக்கி வைக்க நேரும்.

சக்கரத்தின் விட்டம் உரிமையாளரின் எண்ணத்தைக் காட்டிக்கொடுக்கும். மிதிவண்டிச் சக்கரம் போன்ற பெரிய சக்கரம் குழியையும் டிராம் தண்டவாளத்தையும் எளிதில் கடக்கும். மழைநீர் தேங்கிய சாலையில் வண்டியின் அடித்தட்டை நீர்மட்டத்துக்கு மேலே நிறுத்தும். அத்தகைய வண்டி நாள்தோறும் தொலைவு செல்வது. உள்ளங்கை அளவுச் சிறு உருளைகள் பொருத்தப்பட்ட வண்டியோ நடைபாதை விளிம்பைக்கூட ஏறாது. சில அடிகள் நகர்வதற்கு மட்டுமே அது தகும். இந்த இரண்டாம் வகையே நம் கேள்விக்கு உரியது. பயணம் செய்ய இயலாத சக்கரத்தைப் பணம் கொடுத்துப் பொருத்துவதற்கு வேறு காரணம் இருந்தாக வேண்டும்.

அக்காரணத்துக்குச் செல்லும் முன் தண்ணீரைப் பற்றி ஒரு சொல். பாத்திரம் கழுவுவதே வண்டியின் தீராத் தலைவலி. கழுவத் தொட்டி வைத்தால் எடை கூடும். வைக்காவிட்டால் ஒரே வாளி நீரில் எல்லாக் குவளைகளும் முங்கும். கொல்கத்தா இதற்குக் கண்ட தீர்வு வண்டிக்கு வெளியே இருக்கிறது: தேநீருக்கு ஒருமுறை குடித்து எறியும் மண்குவளை, தின்பண்டத்துக்குச் சால் இலைத் தொன்னை. மண்குவளையின் வங்காளப் பெயர் 'பாண்ட்'. வடமொழியின் 'பாண்ட' என்னும் மூலத்திலிருந்து வந்த இச்சொல்லுக்குத் தமிழின் பாண்டம் உறவுச்சொல். குயவர் செய்யும் இக்குவளை வண்டியிலிருந்து ஒரு தொட்டியையே குறைத்துவிடுகிறது. தமிழகத்தில் தேநீர் கண்ணாடிக் குவளையில் வருவதால் கழுவும் வாளி தவிர்க்க இயலாதது. தட்டின்மேல் விரித்த பிளாஸ்டிக் தாள் அங்குச் சில காலம் தொட்டியின் வேலையைச் செய்தது. 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தமிழக அரசின் தடையில் அத்தாளும் அடங்கியதால், பலர் வாழையிலைத் துண்டுக்குத் திரும்பினர். வண்டியின் வடிவம் வண்டியோடு முடிவதில்லை. குயவரும் இலை தைப்பவரும் அதன் கண்ணுக்குத் தெரியாத உறுப்புகள்.

4. சட்டம் பொருத்திய சக்கரம்

1947-இன் நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளால் கொல்கத்தாவின் நடைபாதை வணிகம் பெருகியது. அன்று முதல் அப்புறப்படுத்தலும் மீள்வருகையும் மாறி மாறி நிகழ்கின்றன. 1975-இல் 'ஆபரேஷன் ஹாக்கர்' என்ற பெயரில் ஒரு நடவடிக்கை. அதனினும் பெரியது 1996 நவம்பர் 24 இரவு தொடங்கிய 'ஆபரேஷன் சன்ஷைன்'. இடதுசாரி முன்னணி ஆட்சியில் மாநகராட்சியும் காவல்துறையும் இறங்கி, முதன்மைச் சாலைகளின் நடைபாதைக் கடைகளை இடித்தன. இதனை எதிர்த்துப் பல சங்கங்கள் இணைந்ததில் உருவானதே 'ஹாக்கர் சங்கிராம் கமிட்டி'. சில காலத்துக்குள் வணிகர் பலர் திரும்பிவிட்டனர் என்பதும் வரலாறே.

அதே 1996-இல் வேறொரு நிகழ்வும் உண்டு. கொல்கத்தாவின் அகில இந்தியச் சுகாதாரம் மற்றும் பொதுநலக் கழகத்தைச் சேர்ந்த இந்திரா சக்கரவர்த்தியும் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பைச் சேர்ந்த கோலெட் கனேயும் எழுதிய தெருவுணவுக் கட்டுரை அவ்வமைப்பின் இதழில் வெளியானது. நகரில் ஏறத்தாழ 1,30,000 தெருவுணவு வணிகர் இருப்பதாக அது மதிப்பிட்டது. தெருவில் கிடைக்கும் அரைக்கிலோ எடையுள்ள ஓர் உணவு ஏறத்தாழ 1000 கலோரி தருவதையும் காட்டியது. நீரின் தூய்மை, கையாளும் முறை ஆகியவற்றின் குறைகளையும் மறைக்கவில்லை. பயிற்சியும் வசதியும் தந்து மேம்படுத்துவதே வழி என்பது அவ்வாய்வுப் பணியின் திசை. ஆக, ஒரே ஆண்டில் ஒரே நகரில் ஒரு நிறுவனம் அடுப்பையும் தண்ணீரையும் அளந்துகொண்டிருந்தது. மற்றொன்று அடுப்பை இடித்துக்கொண்டிருந்தது.

இடிப்பில் எவை தப்பின என்பதே வடிவமைப்பின் பாடம். நிலத்தில் ஊன்றிய தூண் ஆக்கிரமிப்புக்குச் சான்று. சக்கரத்தின்மேல் நிற்கும் பலகைக்கு, "இது கட்டடமன்று, இப்போதே நகர்த்திவிடுகிறேன்" என்று சொல்லும் வாய்ப்பு உண்டு. தெருவணிகத்தில் இடத்துக்குப் பட்டா கிடையாது. பட்டா இல்லாதவருக்குக் கிடைக்கும் ஒரே தற்காப்பு, தாம் இங்கு நிலையாக இல்லை என்று காட்டுவது. அவ்வாறு காட்டிக்கொண்டே ஆண்டுக்கணக்கில் அங்கேயே நிற்பது. சிறு உருளைகளின் மறைபொருள் இதுவே. அவை நகர்வதற்கானவை அல்ல. நகர முடியும் என்று சாட்சி சொல்வதற்கானவை. கொல்கத்தாவின் தெருவை இயக்கம், தடை என்னும் இருமையில் வைத்து வாசித்த ரிதஜ்யோதி பந்த்யோபாத்யாயின் 'ஸ்ட்ரீட்ஸ் இன் மோஷன்' (2022) என்னும் நூலைப் பயின்ற மாணவர்க்கு இவ்வாதம் புதிதாகத் தோன்றாது. அதே வாதத்தை வண்டியின் உறுப்பு ஒவ்வொன்றுக்கும் நீட்டிப் பார்க்கலாம் என்பதே இங்குச் சொல்லப்படுவது.

உச்ச நீதிமன்றம் 1989-இல் சோதன் சிங் வழக்கில், நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டுத் தெருவில் வணிகம் செய்வது அரசமைப்பின் 19(1)(ஜி) பிரிவின் கீழான உரிமையே என்றது. குறிப்பிட்ட ஓரிடத்தை நிரந்தரமாகக் கோரும் உரிமை அதில் அடங்காது என்றும் சொன்னது. தொழிலுக்கு உரிமை உண்டு, இடத்துக்கு இல்லை. சக்கரம் பொருத்திய கடை இந்தத் தீர்ப்புக்கு எழுதிய உரை போலவே இருக்கிறது.

2014-ஆம் ஆண்டுத் தெரு வணிகர் சட்டம் இந்நிலையைப் பெரிதும் மாற்ற வந்தது. தற்காலிகக் கட்டமைப்பிலிருந்து விற்பவர், இடம்விட்டு இடம் பெயர்ந்து விற்பவர் ஆகிய இருவரையும் அது தெரு வணிகர் என்கிறது. ஹாக்கர், பெட்லர், ஸ்குவாட்டர் முதலிய சொற்களையும், வட்டாரங்களில் வழங்கும் அவற்றின் ஒருபொருட் பன்மொழிகளையும் தன் வரையறைக்குள் அடக்குகிறது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும்வரை எவரையும் அகற்றலாகாது என்கிறது. இடம் மாற்ற 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பறிமுதல் செய்த அழுகும் பொருளை உரியவர் கேட்ட அன்றே திருப்பித்தர வேண்டும். பிற பொருளை இரண்டு வேலை நாள்களுக்குள் தர வேண்டும். நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வணிகர் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

ஆயினும் சட்டம் வந்து பத்தாண்டு கடந்த 2024 ஜூனில், முதலமைச்சரின் கண்டிப்பை அடுத்துக் கொல்கத்தாவில் மீண்டும் அகற்றல் தொடங்கியது. எதிர்ப்புக்குப் பின் ஒரு மாத அவகாசமும் கணக்கெடுப்பும் அறிவிக்கப்பட்டன. கணக்கெடுப்பு முதலில், அகற்றல் பின்னர் என்று சட்டம் சொல்லும் வரிசை தலைகீழாயிற்று. அத்தகைய நகரில் எந்த வணிகரும் சக்கரத்தைக் கழற்றமாட்டார்.

5. வேறு இரண்டு தெருக்கள்

சக்கரத்தின் பொருள் எங்கும் ஒன்றல்ல என்பதை அறிய அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரைப் பார்க்கலாம். 1872-இல் வால்டர் ஸ்காட் என்பவர் குதிரை பூட்டிய வண்டியில், நாளிதழ் அலுவலகத்து இரவுப் பணியாளர்க்கு உணவு விற்கத் தொடங்கினார். இரவு வேலை, மூடிய உணவகம், வண்டி என்னும் இம்மூன்றும் கிடர்பூர்த் துறைமுகத்துக்கும் பொருந்துபவை. ஆனால் பின்கதை வேறு. காலையில் இன்ன நேரத்துக்குள் வண்டி தெருவை விட்டு அகல வேண்டும் என்று அங்குப் பல நகராட்சிகள் விதித்தபோது, உரிமையாளர்கள் தெருவோரத் தனியார் மனைகளுக்குள் வண்டியை நிறுத்திச் சக்கரத்தை நீக்கினர். 'டைனர்' எனப்படும் உணவகம் அவ்வாறு உருவானது. அங்கு இடம் வாங்கவோ வாடகைக்குப் பெறவோ முடிந்தவர் சக்கரத்தைக் கழற்றினார். கிடர்பூரில் இடம் பெற வழியற்றவர் சக்கரத்தைப் பொருத்திக்கொண்டார்.

மற்றொன்று சென்னை மெரினா. அங்குக் கடற்கரைக் கடைகளை ஒழுங்குபடுத்தும் வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் விசாரித்த நிலையில், ஒரே மாதிரியான 900 வண்டிகளை மாநகராட்சி திட்டமிட்டது. 2021-இன் தொடக்கத்தில் குலுக்கல் முறையில் ஒதுக்கீடு நிகழ்ந்தது. ஒழுங்குக்கும் தூய்மைக்கும் இது உதவும் என்பதில் ஐயமில்லை. எனினும் ஓர் ஐயம் எஞ்சுகிறது. சுண்டல் விற்பவர்க்கும், பஜ்ஜி பொரிப்பவர்க்கும், மீன் வறுப்பவர்க்கும், நெருப்பே வேண்டாத பொம்மை விற்பவர்க்கும் ஒரே உடல் எவ்வாறு பொருந்தும்? உணவே வண்டியை வரைகிறது என்றால், 900 வண்டிகளுக்கு ஒரே வரைபடம் என்பது உணவைக் கேட்காமல் வரைந்தது.

6. டிரெய்லர் என்னும் எல்லைக்கோடு

இன்று நகரங்களில் எவர்சில்வர் தகடு போர்த்திய சிறு உணவு டிரெய்லர்கள் பெருகி வருகின்றன. வாகனத்தின் பின்னால் கொக்கியிட்டு இழுக்கும் இவை தள்ளுவண்டியின் அடுத்த படியாகத் தோன்றும். சட்டப்படி இது படியேற்றமன்று. வேறொரு வீட்டுக்குள் நுழைதல். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில், மோட்டார் வாகனத்தால் இழுக்கப்படும் டிரெய்லரும் மோட்டார் வாகனம் என்னும் வரையறைக்குள் அடங்கும். கையால் தள்ளும் வண்டியில் ஒரு கொக்கியைப் பற்றவைத்து மோட்டாரோடு இணைத்த கணத்தில், பதிவு முதலிய கடமைகள் எல்லாம் உடன் வந்துசேரும். 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மின்கல வண்டிக்கும் தனி வரையறை உண்டு: மூன்று சக்கரம், 4000 வாட்டுக்கு மிகாத ஆற்றல். மறுபுறம், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ச் சிறு வணிகர்க்கு உரிமம் வேண்டா, பதிவு போதும். ஒரே தேநீர் விற்பனை, அதைச் சுமக்கும் உடலைப் பொறுத்து வேறு வேறு அலுவலகங்களுக்குச் செல்கிறது.

இதன் விளைவு வர்க்கம் சார்ந்தது. முதலீடும் ஓட்டுநர் உரிமமும் நிறுத்த இடமும் உள்ளவர் டிரெய்லருக்குச் செல்வார். அவரது வண்டி 'ஃபுட் டிரக்' என்று கொண்டாடப்படும். அவை இல்லாதவர் தள்ளுவண்டியில் நிற்பார்; அவர் 'ஆக்கிரமிப்பாளர்' ஆவார். இருவரும் ஒரே சாலையில் ஒரே உணவை விற்கலாம். 2020 ஜூனில் பி.எம். ஸ்வநிதித் திட்டம் தொடங்கியபோது அதன் முதல் கடன் 10,000 ரூபாயாக இருந்தது. சரக்கு வாங்க அது உதவும். எவர்சில்வர் டிரெய்லர் வாங்க உதவாது.

எனவே வண்டியின் வடிவமைப்பைப் பட்டறைக்கும் ஒப்பந்தக்காரர்க்கும் உரிய தொழில்நுட்பச் செய்தியாக ஒதுக்குவது தவறு. சிலிண்டர் எங்கே அமரும், கழிவுநீர் எதில் விழும், கூரை எந்தப் பொருளால் ஆனது என்பவை அனைத்தும் பொதுநலக் கேள்விகள். 2019 ஜனவரியில் கரியாஹாட்டில் நிகழ்ந்த தீவிபத்துக்குப் பின் நடைபாதைக் கடைகளின் பிளாஸ்டிக் மறைப்புகள் கடும் விவாதத்துக்கு உள்ளாயின. 2025 ஜூனில் கிடர்பூரின் ஆர்ஃபன்கஞ்ச் சந்தையே எரிந்து நூற்றுக்கணக்கான கடைகள் அழிந்தன. தீப்பற்றாத கூரையும் நெரிசலில் விரைந்து விலகக்கூடிய சக்கரமும் இத்தெருக்களில் அலங்காரமல்ல. ஆனால் கூரைக்கு நல்ல தகடு போட ஒருவர் எப்போது துணிவார்? நாளை இவ்வண்டி பறிமுதலாகாது என்ற உறுதி இருக்கும்போது மட்டுமே. பறிபோகக்கூடிய பொருளில் எவரும் சேமிப்பை முடக்கார். மலிவான பிளைவுட்டும் பிளாஸ்டிக் தாளும் அறியாமையின் விளைவு அல்ல. நிச்சயமின்மையைக் கூட்டிக் கழித்துப் பார்த்துச் செய்த தேர்வு.

நகர விற்பனைக் குழுவில் வணிகர்க்குள்ள 40 விழுக்காட்டு இடம் இங்குதான் பொருள்பெறுகிறது. எங்கு நிற்பது என்பதோடு எதில் நிற்பது என்பதும் அக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் இடம்பெற வேண்டும். உணவு வகைக்கு ஏற்ற சில மாதிரிகள், ஒவ்வொன்றுக்கும் சிலிண்டர் அறை, நீர், கழிவு ஆகியவற்றின் குறைந்தபட்ச அளவுகள், தெருமுனையில் கைகழுவவும் பாத்திரம் கழுவவும் பொதுக் குழாய் ஆகியவை வந்தால் வண்டி தொட்டியைச் சுமக்க வேண்டியதில்லை. இவற்றை வணிகரோடும் பற்றவைப்பவரோடும் அமர்ந்து வரைய வேண்டும்.

மொழியியல் மாணவர்க்கும் இதில் வேலை உண்டு. கிடர்பூரிலும், அதுபோல் வடசென்னையிலும் மதுரையிலும், வண்டி கட்டும் பட்டறைகளில் அச்சு, கால், கைப்பிடி, தட்டு, கூரை ஆகிய ஒவ்வோர் உறுப்புக்கும் வழங்கும் சொற்கள் அகராதிகளில் முழுமையாகப் பதிவாகவில்லை. அளவுகளோடும் படங்களோடும் அச்சொற்களைத் தொகுத்தால், அது கலைச்சொல் பட்டியலாக மட்டும் நின்றுவிடாது. சட்டம் 'வட்டார ஒருபொருட் பன்மொழிகள்' என்று ஒரே தொடரில் கடந்து சென்றதை, குழுவின் மேசையில் வைக்கத்தக்க சான்றாகவும் ஆகும். ஒரே மாதிரி வண்டிகளுக்கான அடுத்த ஒப்பந்தப்புள்ளி வெளிவருமுன் அப்பணி நடந்தாக வேண்டும்.